எழும்பினால்தான் வாடகை

தன் மனைவி சூசையம்மா படுத்திருந்த இரும்புக் கட்டிலுக்காக, மாத்தளை கொங்காவெலயில் இருந்த ஹமீமாவுக்கு இஞ்ஞாசி ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மாதம் ஆயிரத்து எண்ணூறு வீதம் ஐந்து மாத வாடகை.

பணம் இல்லாமல் பட்ட கடன் இல்லை அது. பலாபத்வலயில் யாழ்ப்பாண வீதியோரம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை, சொந்தக் கட்டடம், சொந்த லொறி, கடைக்குப் பின்னால் ஓடு போட்ட வீடு என்று நாலு பேர் பார்க்க வாழ்ந்த மனிதர். முதல் நாளே பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர். வாங்க மாட்டேன் என்றது ஹமீமாதான். நீட்டிய பணத்தை ஒருவர் வேண்டாம் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது இஞ்ஞாசி அறுபத்திரண்டு வருடத்தில் கற்ற பாடம்.

பாடம் என்றால் பள்ளிக்கூடப் பாடம் இல்லை. வஹகோட்டைக்கு மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். பதினொரு வயதில் மாத்தளை டவுனில் ஒரு கொக்கோக் கடையில் மூட்டை தூக்கப் போனார். அந்தக் கடை முதலாளியிடம் வாங்குவதற்கு ஒரு படிக்கல், விற்பதற்கு ஒரு படிக்கல் இருந்தது. இரண்டையும் துடைத்து வைக்கிற வேலை இஞ்ஞாசிக்கு. எது எதைவிடக் கனம் என்று கைக்குத் தெரிந்த பிறகு அவர் யாரையும் முகம் பார்த்து நம்பியதில்லை.

எழுபத்து மூன்றில், ஊரே பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், சொந்தமாக ஒரு தராசு வாங்கினார். வாங்கின கடையிலேயே, மடியில் கட்டிக் கொண்டுபோன தன் கல்லை எடுத்து வைத்து மூன்று தடவை நிறுத்துப் பார்த்தார்.

"எங்க தராசுல நம்பிக்கை இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தராசுல இருக்கு. உங்களத்தான் இன்னும் பழக்கமில்ல" என்றார் இஞ்ஞாசி.

அந்தத் தராசோடுதான் கடை தொடங்கியது. மூட்டை அவிழ்த்தால் ஒரு பிடி மிளகை அள்ளித் தண்ணீரில் போடுவார். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிதக்கும், கலப்படத்துக்குப் போட்ட பப்பாளி விதையும் மிதக்கும், மூட்டை கொண்டுவந்தவனின் முகமும் அப்போது தெரியும். மாத்தளை மாவட்டத்தில் இஞ்ஞாசியின் கடைக்குப் பொய் மூட்டை கொண்டுபோக ஆள் இல்லை என்று ஒரு பேச்சு வந்தது. பத்து வருடத்தில் சம்பாதித்த பேச்சு அது.

எண்பத்து மூன்று ஜூலையில் கடை எரிந்தது. பதினொரு மூட்டை கராம்பு எரிந்த வாசனை மூன்று நாள் போகவில்லை. தீக்கு இன்சூரன்ஸ் கட்டியிருந்தார், ஒரு வருடமும் தவறாமல். கொம்பனிக்குப் போனால், தீ என்றால் தீதான், ஆனால் கலவரத்தில் வைத்த தீக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். கடுதாசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

"இத வாசிக்கலையா?" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

வாசிக்கத் தெரியாது என்று சொல்ல இஞ்ஞாசிக்கு வாய் வரவில்லை. கடை எரிந்ததைவிட அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. ஐந்து வருடத்தில் கடையை மறுபடி எழுப்பினார். ஓடு முதல் கதவு வரை சொந்தக் காசு. ஒருவரிடமும் ஒரு சதம் கைநீட்டவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் கோயிலில் பழக்கமான செபஸ்தியன் என்ற இன்சூரன்ஸ் ஏஜன்ட், ஆஸ்பத்திரிச் செலவுக்கான பொலிசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தபோது, இஞ்ஞாசி அவரை வாசலிலேயே நிறுத்தினார். செபஸ்தியன் விடவில்லை. ஆறு மாதம் அலைந்தார். கடைசியில், "புத்தகத்த வெச்சிட்டுப் போ தம்பி, பாக்கிறேன்" என்றார் இஞ்ஞாசி.

பார்த்தது ஓய்வுபெற்ற மார்ஜரி டீச்சர். இரண்டு வீடு தள்ளி இருந்தவர். கடைக்கு வரும் கடிதம் எல்லாம் அவர் கண்ணால்தான் இஞ்ஞாசிக்குத் தெரியும்.

"சின்ன எழுத்துல இருந்து தொடங்குங்க டீச்சர்."

"முன்னுக்குப் பெரிய எழுத்து இருக்கே மொதலாளி."

"பெரிய எழுத்து அவங்க சொல்ல ஆசப்படுறது. எனக்கு அவங்க ஆசப்படாதது வேணும்."

மூன்று பின்னேரம் டீச்சர் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் இஞ்ஞாசி, "ஆனா?" என்று கேட்பார். 'ஆனால்' எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நோயாளி வீட்டில் பாவிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு, டொக்டர் எழுதிக் கொடுத்தால், வாடகையில் எண்பது வீதம் கொம்பனி தரும். பணம் கட்டிய ரசீது வேண்டும். கொம்பனி ஆள் வந்து பார்ப்பார்.

அந்த வரி தன் பொலிசியில் இருப்பது ஏஜன்ட் செபஸ்தியனுக்கே தெரியாது. இஞ்ஞாசி சொல்லித்தான் தெரிந்தது. "உன் சாமான் என்னன்னு உனக்குத் தெரியல, என்கிட்ட விக்க வந்துட்ட" என்று சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைக்காமல், கற்றுக்கொண்ட கையெழுத்தைப் போட்டார்.

இரண்டாயிரத்து மூன்று ஒக்டோபரில் ஒரு நாள், முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தபோது மழை தூறியது. மிளகை மூடப் படங்கை இழுக்க ஓடிய சூசையம்மா சீமெந்துப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அடுத்த மிளகுக் காலத்துக்குச் சரக்கு வாங்க வைத்திருந்த பணம் முழுக்க அதில் போனது. போனது திரும்பும், பொலிசி இருக்கிறது என்று இஞ்ஞாசி கணக்குப் போட்டார். திரும்பாவிட்டால் மே மாதம் மிளகு வரும்போது கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: தலைமாடு உயர்த்திப் பதிக்கிற, பக்கத்தில் கம்பி வைத்த கட்டில் வேண்டும். மரக்கட்டிலில் போட்டால் முதுகு புண்ணாகும், எலும்பும் விலகும். கடிதமும் எழுதிக் கொடுத்தார். புதுக்கட்டில் விலைக்குக் கொம்பனி தராது, வாடகைக்குத்தான் தரும்.

கொங்காவெலயில் ஹமீமா என்று ஒரு விதவை இருக்கிறார், அவரிடம் அப்படி ஒரு கட்டில் இருக்கிறது என்று செபஸ்தியன்தான் சொன்னார். இஞ்ஞாசி லொறியோடு போனார்.

கட்டில் முன்னறையில் பழைய சேலை போர்த்தி நின்றது. இஞ்ஞாசி போர்வையைத் தூக்கி, கைப்பிடியைச் சுற்றி, நாலு சில்லையும் உருட்டிப் பார்த்தார். ஒரு சில்லு இறுக்கம்.

"எவ்வளவு உம்மா?"

"மாசம் ஆயிரத்தி எண்ணூறு."

"ஒரு சில்லு ஓட மாட்டேங்குது. ஆயிரத்தி ஐநூறு போடுங்க."

"கட்டில ஓட்டிக்கிட்டுப் போறதுக்கா கேக்குறீங்க, படுக்கிறதுக்கா?"

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. மூன்று மாத முன்பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். "எண்ணிப் பாத்துட்டு ரசீது ஒண்ணு குடுங்க. எனக்கு இன்சூரன்ஸுக்கு வேணும்."

ஹமீமா பணத்தைத் தொடவில்லை. "உள்ளுக்கு வைங்க மொதலாளி. நோயாளி எழும்பட்டும். சொந்தக் காலால இந்தப் படி ஏறி வந்து தரட்டும். அண்டைக்கு மொத்தமா எடுப்பேன்."

"அதெப்படி? நான் மாசாமாசம் கட்டுறேங்கிறேன்."

"மாசாமாசம் எடுக்க மாட்டேன்."

"எழும்பாமப் போனா?"

"மவுத்தாப் போனா ஒரு சதமும் வாணாம். கட்டில மட்டும் அனுப்பிடுங்க. நான் அல்லாஹ்வுக்கு நிய்யத்து வெச்சீக்கிறன்."

"சரி, ரசீதையாவது எழுதிக் குடுங்க."

"எடுக்காத சல்லிக்கு ரசீதா? எழுத மாட்டேன்."

லொறியில் திரும்பி வரும்போது இஞ்ஞாசியின் மனது கராம்புச் சாக்கைக் கொட்டிப் பொறுக்குவது போல அந்தப் பேச்சைக் கொட்டிப் பொறுக்கியது. பணம் வேண்டாமாம். எழும்பினால்தான் வேணுமாம். செத்தால் வேண்டவே வேண்டாமாம். இப்படி ஒரு வியாபாரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. வாடகை சேரட்டும் என்று விட்டு, பிறகு மாதம் ஐயாயிரம் என்று வந்து நிற்கலாம். கட்டிலை இஞ்ஞாசி விலைக்கு வாங்கிவிட்டார் என்று சாட்சி வைக்கலாம். இல்லை, கட்டிலே எங்காவது ஆஸ்பத்திரியில் திருடியதாக இருக்கலாம். அதனால்தான் ரசீதில் கையெழுத்துப் போடப் பயம்.

வீட்டில் இறக்கியதும் கட்டிலுக்கு அடியில் படுத்து, பேனாக்கத்தியால் வர்ணத்தைச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே பச்சை இருந்தது. பச்சைக்குக் கீழே துரு. ஒரு எழுத்தும் இல்லை.

"என்னங்க செய்றீங்க அடியில?" என்று மேலே இருந்து சூசையம்மா கேட்டார். அவரை அதற்குள் படுக்க வைத்தாயிற்று.

"ஒண்ணுமில்ல. சில்லு பாக்கிறேன்."

"சில்லு நடுவுலயா இருக்கு?"

அதோடு விடவில்லை. மார்ஜரி டீச்சரை எழுதச் சொல்லி ஒரு கடுதாசி தயாரித்தார்: கட்டில் ஒன்று, வாடகை இவ்வளவு, கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. டீச்சர் ஒரு கையெழுத்து, கடையில் மிளகு புடைக்கும் வேலம்மா ஒரு கைநாட்டு. அதை மடித்துத் தராசுப் பெட்டியில் பூட்டி வைத்தார்.

செபஸ்தியனிடம் ரசீதுப் பிரச்சினையைச் சொன்னபோது, அவர் காதோரம் வந்து பேசினார். "மாமா, இதுக்கா மண்டைய ஒடைக்கிறீங்க? ஒரு பில் புத்தகம் நாப்பது ரூவா. நான் எழுதிர்றேன். அந்த உம்மா கையெழுத்து எப்பிடின்னு கொம்பனிக்குத் தெரியவா போகுது?"

இஞ்ஞாசி அவரை மேலும் கீழும் பார்த்தார். பொய் ரசீது எழுத வைத்து, அதையே பிடித்து, ஒப்பரேஷன் பணத்தையும் சேர்த்து மறுப்பதற்குக் கொம்பனியே இவரை அனுப்பியிருக்கலாம்.

"தம்பி, நீ யாருக்கு வேல செய்ற?"

"உங்களுக்குத்தான் மாமா."

"அப்ப மாசச் சம்பளம் எங்கிட்டயா வாங்குற? போ, போய் வேலையப் பாரு."

டிசம்பரில் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி நல்லையா வந்து நோயாளியையும் கட்டிலையும் பார்ப்பார்.

தப்பு நடந்தது அன்றைக்குத்தான். அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மரியாதை தெரிந்த எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

விடிந்ததிலிருந்தே வேலம்மா வீட்டைக் கழுவினார். இஞ்ஞாசி டவுனுக்கு ஆள் அனுப்பி கேக்கும் வாழைப்பழமும் வாங்கி வைத்தார். ஒன்பதரைக்குச் சூசையம்மா சொன்னார்: "கண்டியில இருந்து ஒரு பெரிய மனுஷர் வாறார். நான் மல்லாந்து கெடந்துக்கிட்டு வாங்கன்னு சொல்றதா? என்னத் தூக்கி உக்கார வைங்க."

"டொக்டர் திட்டுவாரு புள்ள."

"டொக்டரா வந்து பாக்கப் போறாரு? கொஞ்ச நேரந்தானே."

இரண்டு பேராகத் தூக்கிப் பிரம்பு நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். மூத்த மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையை உடுத்திவிட்டார் வேலம்மா. வெறும் கட்டில் அலங்கோலமாகத் தெரியக் கூடாது என்று, தலைமாட்டைப் பதித்து, விரிப்பை மாற்றி, பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தினார்கள். பார்த்தால் கோயில் பீடம் போல இருந்தது. இஞ்ஞாசிக்கும் பெருமைதான். தன் வீட்டை ஒருவர் குறை சொல்லி எழுதிவிடக் கூடாதே என்ற ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது.

நல்லையா மெலிந்த மனிதர். கேக்கைத் தொடவில்லை. இஞ்ஞாசி தட்டை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளி வைத்தார்.

"எப்படி அம்மா இருக்கீங்க?" என்று நல்லையா கேட்டார்.

"நல்லா இருக்கேன் சேர், மாதா புண்ணியத்துல" என்றார் சூசையம்மா. வீட்டுக்கு வந்தவரிடம் வேறு என்ன சொல்வது? மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சிரித்த முகம் மாறவில்லை.

"இருக்க முடியுதா?"

"அதுக்கென்ன சேர். நீங்க டீயக் குடிங்க."

நல்லையா கட்டிலைப் பார்த்தார். வெள்ளைத் துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். எழுதினார். போனார். அவர் ஜீப் வளைவு திரும்பியதும் சூசையம்மா வலியில் மயங்கிச் சாய்ந்தார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு கடிதம் வந்தது. டீச்சர் வாசித்தார். நோயாளி நாற்காலியில் அமர்ந்திருந்தார். தான் நலம் என்று கூறினார். கட்டில் பாவிக்கப்படாத நிலையில் காணப்பட்டது. ரசீதும் இல்லை. ஆகவே கோரிக்கை முழுவதும் விசாரணை முடியும் வரை நிறுத்தப்படுகிறது.

"முழுவதுமா?" என்றார் இஞ்ஞாசி.

"ஒப்பரேஷன் காசும் சேத்துத்தான் மொதலாளி. ஒரே ஃபைல்."

தன் வீட்டில் நடந்த தப்பு என்று அவருக்கு உடனே படவில்லை. ஹமீமா ரசீது தர மறுத்ததும், செபஸ்தியன் ஹமீமாவைக் காட்டியதும், நல்லையா கேக்கைத் தொடாததும் ஒரு கயிற்றில் கட்டியது போலத் தெரிந்தது. லொறியை எடுத்துக்கொண்டு நேரே கொங்காவெலவுக்குப் போனார்.

"கட்டில நாளைக்கே கொண்டுவந்து போடுறேன். இந்தாங்க ரெண்டு மாசக் காசு. ரசீது எழுதுங்க. இல்லாட்டி நான் பொலிசுக்குப் போவேன்."

"என்னெண்டு செல்லுவீங்க? ஒரு பொம்புள எங்கிட்ட சல்லி எடுக்கல்லெண்டா?" என்றார் ஹமீமா. "இருங்க. என்ன நடந்திச்சி, செல்லுங்க."

இஞ்ஞாசி சொன்னார். நீலச் சேலை வரை சொன்னார். ஹமீமா முந்தானையால் வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது.

"கொம்பனிக்காரன் நோயாளியப் பாக்க வாறான், நீங்க நோயாளிய ஒளிச்சி வெச்சீங்களா?"

"ஒளிக்கல. உக்கார வெச்சோம்."

"ரெண்டும் ஒண்டுதான்." சிரிப்பு அடங்கிய பிறகு கட்டில் நின்ற வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினார். "எங்கட மனிசனுக்கு மொதல்ல வாடகைக் கட்டில்தான் மொதலாளி. அதுக்காரன் ஒண்டாந் தேதி வருவான். கால்மாட்டுல நிண்டு, 'இன்னும் எத்தின மாசம் வேணும்?' எண்டு கேப்பான். கெட்டவனில்ல, அவனுக்குக் கணக்குத் தெரியணும். இவர் பதில் செல்ல ஏலாம சொவரப் பாத்துக்கிட்டுக் கெடப்பார். முப்பதாந் தேதி வந்தாலே சாப்பிட மாட்டார். கைக் காப்ப வித்து இந்தக் கட்டில வாங்கினேன். அவர் மவுத்தான பொறகு வெச்ச நிய்யத்து இது. படுத்தீக்கிறவரோட மாசத்த நான் எண்ண மாட்டேன்."

இஞ்ஞாசி பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நம்பினார் என்று சொல்ல முடியாது. வெளியே வந்து, மூன்றாவது வீட்டுத் தையல்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்து விசாரித்தார். கட்டில் இதுவரை மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறது, இரண்டு பேர் எழும்பவில்லை, அங்கே ஹமீமா காசு வாங்கவில்லை என்றார் தையல்காரர். அவர் ஹமீமாவின் சொந்தக்காரராக இருப்பாரோ என்று லொறி ஏறும்போது இஞ்ஞாசிக்குத் தோன்றியது. ஆனாலும் கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

ஜனவரியில் சூசையம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாற்காலியில் உட்கார்ந்த அன்று ஒப்பரேஷன் செய்த இடம் உள்ளே பிரிந்து, சீழ் வைத்திருந்தது. கண்டியில் பத்து நாள். டொக்டர் நேராகப் பார்த்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து இஞ்ஞாசி வழக்கம்போலக் கணக்குப் போட்டார். இதுவரை கட்டில் வாடகை மூன்று மாதம், ஐயாயிரத்து நானூறு. கொடுக்க வேண்டிய கடன். சூசை போய்விட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. யாருக்கும் ஒரு சதம் கடன் வைக்காத மனிதர், அந்த வாங்கில் இருந்து, அந்தக் கடன் தன் தலையில் ஏற வேண்டும், இன்னும் ஏற வேண்டும் என்று வேண்டினார். வாழ்நாளில் முதல் தடவை.

சூசையம்மா திரும்பி வந்தார். மறுபடி அதே கட்டில்.

காய்ச்சல் இறங்கிய வாரம் இஞ்ஞாசி பொலிசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மார்ஜரி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"ஒம்பதாம் பக்கம் டீச்சர். மெதுவா."

"எல்லாம் வாசிச்சதுதானே மொதலாளி."

"அப்ப படுக்க ஆள் இல்லாம வாசிச்சது. இப்ப வாசிங்க."

டீச்சர் வாசித்தார். கட்டில் வாடகைக் கோரிக்கை, பணம் செலுத்திய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வர வேண்டும்.

"நில்லுங்க. படுத்த நாள்ல இருந்தா, செலுத்துன நாள்ல இருந்தா?"

"செலுத்திய நாள்னுதான் இருக்கு."

"மாசாமாசம் செலுத்தணும்னு எங்கயாவது இருக்கா?"

டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். முன்னும் பின்னும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "இல்ல."

"ஆனா?"

"'ஆனா'வும் இல்ல மொதலாளி."

இஞ்ஞாசி விரலை மடித்து நாள் எண்ணினார். முதல் மாதமே பணம் கட்டி ரசீது வாங்கியிருந்தால், நிறுத்திய கோரிக்கையை மறுபடி போடுவதற்குள் அந்த அறுபது நாள் ஓடி முடிந்திருக்கும். ஹமீமா வாங்காததால் இன்னும் ஒரு நாள்கூடத் தொடங்கவில்லை. இது அந்த அம்மாவுக்குத் தெரிந்து செய்ததா என்று ஒரு சந்தேகம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை விட்டார். ரசீதே எழுதாதவருக்குக் கொம்பனியின் பொடி எழுத்து எப்படித் தெரியும்?

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டி, டீச்சரையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு, நல்லையாவின் ஒபிஸுக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கடுதாசிகளை மேசையில் பரப்பினார்.

"சேர், நீங்க வந்த அன்னைக்கு என் சம்சாரத்த நாற்காலியில வெச்சது நாங்க. நீங்க விருந்தாளின்னு வெச்சோம். அதுல உள்காயம் பிஞ்சி சாகப் பாத்தா. கடுதாசி இருக்கு, பாருங்க."

நல்லையா பார்த்தார். "இதை நான் எப்படி நம்புறது, ஐயா? இன்னொரு தரம் வாறேன்னு கடிதம் போட்டா, நீங்க இந்தத் தடவை படுக்க வெச்சிருப்பீங்க."

வேறு யாராவது என்றால் கோபித்திருப்பார்கள். இஞ்ஞாசிக்கு முதல் தடவையாக அந்த மனிதரைப் பிடித்தது.

"நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். அதனால கடிதம் போடாதீங்க. சொல்லாம வாங்க. விடிய வாங்க, மத்தியானம் வாங்க, எப்ப வேணுமோ வாங்க. கேக் வாங்கி வைக்க மாட்டேன்."

நல்லையாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. "அன்னைக்குக் கேக்கத் தொட்டிருந்தா, வாங்கித் தின்னுட்டு எழுதினேன்னு சொல்லுவாங்க."

"சரி. இப்ப ஒண்ணு எழுதித் தாங்க. வாடகைய மொத்தமாக் கட்டி ஒரே ரசீது கொண்டுவந்தா எடுப்பீங்கன்னு. உங்க கையெழுத்து, கொம்பனி முத்திரை."

"வாயால சொன்னாப் போதாதா?"

"எண்பத்து மூணுல எரிஞ்ச கடைக்கு இன்சூரன்ஸ் வித்தவரும் வாயால நெறையச் சொன்னாரு சேர்."

எழுதிக் கொடுத்தார். டீச்சர் அங்கேயே இரண்டு தடவை வாசித்தார். இஞ்ஞாசி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நல்லையா பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நின்றார். வேலம்மா சூசையம்மாவை ஒருக்களித்துப் போட்டு முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். கட்டில் விரிப்பில் மருந்துக் கறை. கம்பியில் ஜெபமாலையும் துவாயும் தொங்கின.

"சொல்லிட்டு வரக் கூடாதா சேர்? தலகூடச் சீவல" என்று சூசையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்படி அம்மா இருக்கீங்க?"

சூசையம்மா வாயைத் திறந்தார். இஞ்ஞாசி கதவடியில் நின்று இருமினார்.

"வலி சேர்" என்றார் சூசையம்மா, களவு செய்து பிடிபட்டவர் போல.

ஒப்பரேஷன் பணத்துக்கான காசோலை மார்ச் நடுவில் வந்தது. வங்கியில் பணம் சேரும்வரை இஞ்ஞாசி யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சேர்ந்ததை வங்கியில் இரண்டு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்தினார். கட்டில் வாடகைக்கு இனி ரசீது மட்டும்தான் பாக்கி. நல்லையா எழுதிக் கொடுத்த கடுதாசி டீச்சர் கையால் பிரதி எடுக்கப்பட்டு, ஒன்று தராசுப் பெட்டியிலும் ஒன்று இஞ்ஞாசியின் சட்டைப்பையிலும் இருந்தது.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கொங்காவெலத் தெரு வெறிச்சோடிய நேரத்தில், லொறி ஹமீமாவின் வாசலில் நின்றது. பின்னால் கட்டில். முன்னால் சூசையம்மா.

மூன்று படி. இஞ்ஞாசி கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனார். சூசையம்மா ஊன்றுகோலால் அவர் கையை விலக்கினார். முதல் படியில் வலக்கால், பிறகு ஊன்றுகோல், பிறகு மற்றக் கால். இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். ஹமீமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வா என்றும் சொல்லவில்லை, கை கொடுக்கவும் இல்லை. மூன்றாவது படி ஏறியதும்தான், "வாங்க, இருங்க" என்றார்.

டீ வந்தது. ஹமீமா ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, மெதுவாக எழுதி, கையெழுத்துப் போட்டு மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளினார். ஐந்து மாத வாடகை ஒன்பதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று, இன்னும் பெற்றுக்கொள்ளாத பணத்துக்கு.

இஞ்ஞாசி தாளைப் பார்த்தார், ஹமீமாவைப் பார்த்தார். "உம்மா, காச வாங்காம ரசீதக் குடுக்கிறீங்க. நான் எடுத்துக்கிட்டுப் போயிட்டா?"

"போங்களேன்" என்றார் ஹமீமா. "அவங்க எழும்பிட்டாங்கதானே."

இஞ்ஞாசி தாளை எடுக்கவில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்தார், எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். எண்ணத் தொடங்கியவரின் கையைச் சூசையம்மா பிடித்தார்.

"குடுங்க இங்க. நான்தானே படுத்தேன்."

ஹமீமா உள்ளங்கையை விரித்து நீட்டினார். சூசையம்மா கடையில் மரக்கால் மிளகு அளக்கும்போது சொல்வது போல, முதல் தாளை வைத்து, ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்றார். பிறகு ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு தாளோடும் இஞ்ஞாசியின் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது. பதினொன்றாவது தாளில் இரண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "நில்லு புள்ள" என்றார். சூசையம்மா விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார். பன்னிரண்டு. பதிமூணு. ஹமீமா தாளைப் பார்க்கவில்லை, எண்ணுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு. பதினேழு. கடைசித் தாளை வைத்து, அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தி, "பதினெட்டு" என்றார் சூசையம்மா.